ஐஸ் கொம்பனி மாமி

எங்கள் பக்கத்தில் எங்கேயாவது கைகலப்பு என்று செய்தி வந்தால், யாருக்குக் காயம் என்றுதான் சனங்கள் முதலில் கேட்பார்கள். அடுத்ததாக, யார் தொடங்கியது என்று. ஐஸ் கொம்பனி மாமி இரண்டையும் கேட்கமாட்டார். கையிலிருக்கும் பிளேன்டீக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "அங்க என்ன விலை மாறின?" என்பார்.

அவருடைய கொம்பனியில் தொலைபேசி எடுக்கும் வேலைக்கு நான் சேர்ந்த புதிதில் இந்தக் கேள்வி எனக்கு விசராகப் பட்டது. என் கணவர் கட்டாரில் இருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் வீட்டில் எனக்குப் பெரிய வேலை இல்லை. கொம்பனி நடந்து போகிற தூரம்தான். கிழக்கிலங்கைக் கடற்கரையில், மீன் வாடிக் கொட்டில்களுக்குப் பின்னால், சுவரெல்லாம் உப்புப் பூத்த நீளக் கட்டடம். எங்கள் முஸ்லிம் ஊரின் ஆழ்கடல் போட்காரர்கள் அழைப்பார்கள். பக்கத்துத் தமிழூரின் தோணிக்காரர்கள் அழைப்பார்கள். நிந்தவூரிலிருந்தும் கல்முனையிலிருந்தும் மீன் லொறிக்காரர்கள் அழைப்பார்கள். எல்லோருக்கும் ஐஸ் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று சொல்வதுதான் என் வேலை.

மாமி நல்ல உயரம். ஆண்கள் கட்டுகிற பெரிய மணிக்கூடு ஒன்றைக் கட்டியிருப்பார். கொம்பனித் தரை எப்போதும் ஈரம் என்பதால் குதிகால்கள் ஊறி வெளுத்துப் போயிருக்கும். சாவிக்கொத்தால் ஐஸ் கட்டியைத் தட்டி, சத்தத்தை வைத்தே நன்றாக உறைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஐஸ் விற்கிற மனிசி, ஆனால் குளிர்ந்த தண்ணீரை வாயில் வைக்கமாட்டார். பகலில் எரிகிற பல்பைக் கண்டால் யார் எவர் என்று பாராமல் ஏசுவார். பெருநாளைக்கு வேலையாட்கள் எல்லோருக்கும் உடுப்பு எடுத்துக் கொடுப்பார். ஆனால் கல்முனைக் கடையில் அந்த உடுப்புக்கு அவர் பேரம் பேசும்போது பக்கத்தில் நிற்க எனக்கு வெட்கமாக இருக்கும். இனிமையான மனுஷி என்று சொல்லமாட்டேன்.

நான் சேர்ந்து கொஞ்ச நாளில் கொம்பனி வாசலிலேயே ஒரு சண்டை நடந்தது. ஐஸுக்கு நின்ற வரிசையில் எங்கள் ஊர் போட்காரன் ஒருவனுக்கும் தமிழூர்த் தோணிக்காரன் ஒருவனுக்கும் வாய்த் தர்க்கம் வந்து, சட்டை கிழிந்து, "இது எங்கட ஊரு" என்று ஒருவனும், "உங்கட ஊரெண்டா உங்கட கடலா?" என்று மற்றவனும் கத்திக்கொண்டு நின்றார்கள். நான் உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன்.

"என்ன விலை மாறின?"

"ஒரு விலையும் மாறல்ல மாமி. இனச் சண்டை."

மாமி சற்று யோசித்தார். பிறகு தனக்குள்ளே சிரித்தார். "மாறித்தான் இரிக்கி புள்ள. நான்தான் மாத்தின."

அதற்கு முந்திய வாரம், அதிகம் ஐஸ் கட்டி எடுப்பவர்களுக்கு விலை குறைப்பு என்று அவர் அறிவித்திருந்தார். அதனால் பெரிய போட்காரர்கள் விடியவே வந்து இருப்பதையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். சின்னத் தோணிக்காரர்கள் அடுத்த கட்டி உறையும்வரை, பிடித்த மீனோடு வெயிலில் நின்றார்கள். மாமி வெளியே போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, "இண்டையிலிருந்து பழைய விலைதான். எல்லாருக்கும் ஒரே விலை. சட்டைக் காசு நான் தாறன்" என்றார். பிறகு என்னிடம் வந்து, "இவங்க ரெண்டு பேரும் எத்தின வருசமா இந்த வரிசையில ஒண்டா நிக்கிறவங்க. நேத்து வரைக்கும் ஒருத்தன் தமிழன், ஒருத்தன் சோனகன் எண்டு தெரியாமலா நிண்டாங்க?" என்று கேட்டார்.

இன்னொரு முறை கல்முனைப் பக்கத்துச் சந்தையொன்றில் பிரச்சினை வந்தது. நடைபாதையில் கூடை வைத்து மீன் விற்கும் தமிழ்ப் பெண்களை எங்கள் ஆட்களான கடைக்காரர்கள் துரத்தினார்கள் என்று கதை. ஒரு பெண்ணைத் தூஷணத்தால் ஏசினார்கள் என்றும், இல்லை, அவள்தான் மார்க்கத்தைப் பற்றிக் கேவலமாகக் கதைத்தாள் என்றும் அரைநாளுக்குள் இரண்டு கதை ஊருக்குள் வந்துவிட்டது. பள்ளிவாசலில் ஆட்கள் கூடினார்கள். கோயிலிலும் கூடினார்கள். மாமி லொறியில் ஏறிச் சந்தைக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார்.

கடைகளின் வாடகை அந்த வருடம் இரட்டிப்பாகியிருந்தது. கடைக்காரர்கள் அந்த வாடகையை மீனில் ஏற்றினார்கள். சனங்கள் வாசலில் இருக்கும் கூடைக்காரிகளிடம் மலிவாக வாங்கிக்கொண்டு கடைக்குள் வராமலே போனார்கள். அவ்வளவுதான் விஷயம். மாமி ஒரு கடைக்காரரைக் கேட்டார்: "காக்கா, வாடகையக் கூட்டினது இந்தப் பொண்டுகளா?"

"இல்லதான் தங்கச்சி. கூட்டினவன்ட வாசல்ல போய்க் கத்த ஏலுமா? இவளுகள்தான் கண்ணுக்கு முன்னால இரிக்கிறாளுகள்."

அவர் அப்படிச் சொன்னபோது சுற்றி நின்ற சிலர் சிரித்துவிட்டார்கள். கடைசியில் கூடைக்காரிகள் சந்தையின் பின்வாசலுக்கு மாறினார்கள். கடைக்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து வாடகையைக் குறைக்கக் கேட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அந்தப் பெண்கள் ஐஸ் எடுத்தது மாமியிடம். அதில் அவருக்கு லாபம். அதை அவர் மறைக்கவுமில்லை. "சும்மா போய் வந்தா டீசலுக்கு ஆரு குடுக்கிற?" என்றார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம். ஜெனரேட்டர்ச் சத்தத்துக்கு மேலால் கத்திக் கதைக்க வேண்டியிருந்தது. யுத்தக் காலத்தில் அவருடைய கணவருக்கு மாவடிப்பள்ளி என்ற ஊருக்கு அங்கால் நல்ல வயல் இருந்ததாம். ஒரு போகம் வெள்ளாமை பார்க்கப் போனவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போக எல்லோருக்கும் பயம். கைக்குழந்தையோடு இருந்த மாமியிடம், கிடைக்கிற விலைக்கு வயலைக் கொடுத்துவிடு என்று சொன்னார்கள். கொடுத்தார். வாங்கியவர் வேறு ஆளில்லை. எங்கள் ஊர்தான். பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்கிறவர்.

"சுட்டவன் ஒருத்தன், வாங்கினவன் ஒருத்தன்" என்றார் மாமி. "சுட்டவன நான் ஒரு நாளும் காணல்ல. வாங்கினவன ஒவ்வொரு பெருநாளைக்கும் காணுறன். ஸலாமும் சொல்றன்."

வயல் விற்ற காசையும் நகையையும் போட்டுத்தான் இந்தக் கொம்பனியைத் தொடங்கியிருக்கிறார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் கதைக்கவில்லை. ஜெனரேட்டரில் டீசல் பார்க்க எழுந்து போய்விட்டார்.

தேவாலயங்களில் வெடித்த ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிந்திய மாதங்களில் எங்கள் பக்கம் எல்லாமே இறுகிப் போயிருந்தது. முஸ்லிம் கடைகளில் வாங்கக்கூடாது என்று அந்தப் பக்கம் கைத்தொலைபேசியில் செய்தி சுற்றியது. அவர்களுக்கு விற்கக்கூடாது என்று இந்தப் பக்கம் சுற்றியது. ஒரு காலையில் ஊர்ப் பொடியன்மார் சிலர் கொம்பனிக்கு வந்தார்கள்.

"மாமி, இனி அவனுகளுக்கு ஐஸ் குடுக்க வேணாம்."

"சரி மனே. குடுக்கல்ல. அவங்க எடுக்கிற பாதிய நீங்க எடுக்கிறீங்களா?"

"நாங்க என்னத்துக்கு ஐஸ் எடுக்கிற?"

"அப்ப அது கரைஞ்சு போகும். கரையிறதுக்கு ஆரு காசு தாற? நீங்களா, உங்களுக்கு இதச் சொல்லி அனுப்பினவரா?"

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். தமிழூர்த் தோணிக்காரர்களும் சில நாள் வரவில்லை. தூரத்திலிருந்து ஒரு லொறியில் அவர்களுக்கு ஐஸ் வந்தது, விலை எங்களுடையதைப்போல் ஒன்றரை மடங்கு. அந்த லொறி யாருடையது என்று மாமி விசாரித்தார். முஸ்லிம் கடைக்குப் போகாதே என்று அந்த ஊரில் பெரிதாகக் கத்திய ஆளுடையது. மாமிக்கு அதில் கோபம் வரவில்லை. நல்ல பகிடி கேட்டதுபோல் சிரித்தார். தோணிக்காரர்கள் கொஞ்ச நாளில் திரும்பி வந்தார்கள், முதலில் பின்வாசலால், பிறகு முன்வாசலால்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்படி அவர்கள் திரும்பி வந்தபோது மாமியும் விலையைக் கொஞ்சம் கூட்டியிருந்தார். டீசல் ஏறிவிட்டது என்றார். டீசல் ஏறியது உண்மைதான். ஆனால் அவ்வளவு ஏறவில்லை என்பது எனக்குத் தெரியும், தொலைபேசியில் அந்த விலையைச் சொன்னதே நான்தானே.

எல்லை வீதிச் சண்டை அதற்கடுத்த வருடங்களில் ஒன்றில் வந்தது.

எங்கள் ஊரும் தமிழூரும் முட்டுகிற இடத்தில், பெரிய ரோட்டிலிருந்து கடலுக்கு இறங்கும் மணல் வீதி அது. ஒரு பக்கம் எங்கள் ஆட்களின் வீடுகள், மறுபக்கம் அவர்களுடைய வீடுகள். சிவபாக்கியம் என்ற பெண்ணின் வீடு கடலோரமாக மூலையில் இருந்தது. அவளும் புருசனும் கருவாடு போடுகிறவர்கள். மாமியிடம்தான் ஐஸ் எடுப்பார்கள். முதலில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து. அன்று பின்னேரம் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு, அவர்கள் வாளோடு வருகிறார்கள் என்று செய்தி வந்தது. அதே நேரம் அந்தப் பக்கத்து வீடுகளுக்கு, இவர்கள் பெற்றோலோடு வருகிறார்கள் என்று செய்தி போனது. இரண்டு பக்கமும் பயத்தில் வெளியே வந்து நின்றது. நின்றவர்கள் கல் எறிந்தார்கள். டயர் எரிந்தது. என் தம்பி அந்த வீதியில் இருந்த உம்மாவின் தங்கையை, எங்கள் சாச்சியை, கூட்டி வரப் போனவன். அவனுக்குக் கண்ணில் கல் பட்டது.

கல்முனை ஆஸ்பத்திரி வார்ட்டில் அவனுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நானும் உம்மாவும் இருந்தோம். கண் இனி வராது என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போய்க் கொஞ்ச நேரம்தான். மாமி தோடம்பழப் பையோடு வந்தார். தம்பியின் தலையைத் தடவினார். உம்மாவைக் கட்டிப்பிடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "அந்த வீதியில என்ன விலை மாறின புள்ள?" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. "இதுக்கு விலை இல்ல மாமி! இது வெறும் வெறுப்பு. மனிசனுக்கு மனிசன் உள்ள வெறுப்பு. அது உங்களுக்கு விளங்காது" என்று கத்தினேன். வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாமி பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

நான் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அவரும் கூப்பிடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"புள்ள, நீ சொன்னது சரி. வெறுப்பு இரிக்கித்தான். அது எந்த நாளும் இரிக்கி. ஆனா அண்டைக்கு அத ஒருத்தன் எடுத்துப் பாவிச்சிரிக்கான். உன்ட தம்பிட கண் போன கதை. உனக்குத் தெரிய வேணும். வா என்னோட."

ஓட்டோவில் போகும்போது சொன்னார். சண்டைக்கு அடுத்த நாளே எல்லை வீதித் தமிழ் வீடுகளுக்கு ஒரு தரகர் போயிருக்கிறார். யோகன் என்ற தமிழ்த் தரகர். "இனி இஞ்ச இருக்க ஏலாது, கிடைக்கிற விலைக்குக் குடுத்திட்டுப் போங்க" என்று சொல்லி, அங்கேயே முற்பணம் நீட்டியிருக்கிறார். இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளுக்கும் வேறொரு தரகர் போயிருக்கிறார். அதே கதை, அதே முற்பணம். கடற்கரை வீதியை அகலப்படுத்தப் போகிறார்கள் என்ற செய்தி ஊருக்குள் இன்னும் வந்திருக்கவில்லை. அது தெரிந்த ஆள்தான் வாங்க வந்திருக்கிறது. பயத்தில் அந்த வீதிக் காணியின் விலை பாதிக்குக் கீழே விழுந்திருந்தது. சில வீடுகளில் சாமான் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

"வாள் வருகுது, பெற்றோல் வருகுது எண்டு ரெண்டு பக்கமும் சொன்னது ஆரெண்டு தேடினன். ரெண்டும் தரகர்மார்ட வாயிலிருந்துதான் வந்திரிக்கி."

"ஆருக்கு வாங்குறாங்களாம் மாமி?"

மாமி சிவபாக்கியம் வீட்டு வாசலில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னார். அவள் வெளியே வந்தாள். முகம் வீங்கிப்போயிருந்தது.

"தங்கச்சி, நேத்து எனக்குச் சொன்னத இந்தப் புள்ளைக்கும் சொல்லு."

சிவபாக்கியம் என்னைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள். "ராத்தா, எனக்கு ஏன் இந்த வம்பு..."

"சொல்லு."

"யோகன் தனியா வரல்ல. வேன்ல வந்தவர். வேனுக்குள்ள இருந்தது உங்கட மருமகன்தான் ராத்தா. அவர் இறங்கல்ல. காசு எடுத்துக் குடுத்தது அவர்."

அங்கிருந்து மாமியின் வீட்டுக்குப் போனோம். அதை மாமியின் வீடு என்று நான் சொல்வது பழக்கத்தில். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் வீடு சீதனம். மாமி தன் ஒரே மகள் றிஸ்வானாவின் நிகாஹ்வின்போது வீட்டை அவள் பேருக்கு எழுதிவிட்டார். மருமகன் அந்த வீட்டுக்கு வந்தார். மாமி அதே வீட்டில் பின்னறையில் இருந்தார். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து மருமகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். றிஸ்வானா பரிமாறிக்கொண்டிருந்தாள். மாமி உட்காரவில்லை.

"எல்லை வீதியில காணி வாங்குறது நீங்களா மகன்?"

அவர் சோற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஓம் மாமி. வியாபாரம்."

"வாள் வருகுதெண்டு சனத்துக்குச் சொல்லச் சொன்னதும் வியாபாரமா?"

"நான் ஒருத்தருக்கும் கல்லெறியச் சொல்லல்ல. நெருப்பு ஏற்கெனவே கிடந்தது. நான் மூட்டல்ல."

"கிடந்த நெருப்ப ஊதினீங்களா இல்லயா?"

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். "மாமி, போன முற பிரச்சின நேரம் ஐஸ் விலையக் கூட்டினது ஆரு? நீங்க கூட்டினா டீசல், நான் வாங்கினா பாவமா?"

மாமியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "ஓம். கூட்டினன். அதுவும் பிழதான்" என்றார். "அதுக்கு அல்லாஹ்வுக்கு நான் பதில் சொல்லுவன். நீங்க இந்தப் புள்ளைட தம்பிக்குப் பதில் சொல்லுங்க."

மருமகன் என்னைப் பார்க்கவில்லை. தட்டில் தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவினார்.

"ஞாயித்துக்கிழம ரெண்டு ஊரும் கூடிக் கதைக்கப் போகுது. அதுக்கிடையில முற்பணத்த மீள வாங்கிட்டு, வாங்க மாட்டன் எண்டு சொல்லுங்க. இல்லாட்டி நான் அங்க எழும்பிச் சொல்லுவன்" என்றார் மாமி.

"உம்மா!" என்றாள் றிஸ்வானா. "என்ட புருசனச் சபையில வெச்சு மானம் கெடுத்தா, நீங்க மறுகா இந்த வாசல்படி மிதிக்க வேணாம். வூடு என்ட பேர்ல இரிக்கி."

"தெரியும் மகள். எழுதினது நான்தானே" என்றார் மாமி.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. பள்ளிவாசல் தலைவர்கள், கோயில் தலைவர்கள், அதிகாரிகள், எல்லோரும் முன்னால். பெண்கள் பின்னால் இருந்தோம். நாம் எல்லோரும் ஒரு தாய் மக்கள் என்று ஒருவர் பேசினார். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று இன்னொருவர். குளிர்பானம் கொடுத்தார்கள். நடுவில் மாமி எழுந்தார். அவருடைய குரல் பெரிய குரல், ஜெனரேட்டருக்கு மேலால் கத்திப் பழகியது.

"ஒண்டா இருக்கிறதப் பத்திக் கதைக்க முதல் ஒரு கேள்வி. எல்லை வீதியில காணி விக்கிற எத்தின பேர் இஞ்ச இரிக்கீங்க? உங்களுக்கு முற்பணம் தந்தவன், பயம் காட்டினவன், ரெண்டும் ஒரே ஆள். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஒரே காசு. காசு போட்டது என்ட மருமகன். நான் ஆருக்கும் தண்டன கேட்டு வரல்ல. பயத்துல விக்காதீங்க எண்டு சொல்லத்தான் வந்த."

யாராவது கை தட்டுவார்கள் என்று நினைத்தேன். தட்டவில்லை. முன்வரிசையிலிருந்த எங்கள் ஆள் ஒருவர் எழுந்து, "ராத்தா, குடும்பப் பிரச்சினைய இஞ்ச கொண்டு வர வேணாம், இருங்க" என்றார். கோயில் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "நல்ல கூட்டம் நடக்குது, அதக் குழப்பாதீங்கோ" என்றார். இரண்டு ஊர்த் தலைவர்களும் அன்று ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

ஆனால் வீடுகளில் கதை வேறு மாதிரி ஓடியது. சிவபாக்கியம் முற்பணத்தை யோகனின் வீட்டு முற்றத்தில் போட்டுவிட்டு வந்தாள். இந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராகத் திருப்பிக் கொடுத்தார்கள். கட்டிய சாமான்களை அவிழ்த்தார்கள். அந்த வீதியில் ஒரு வீடும் கைமாறவில்லை.

மாமியை யாரும் கொண்டாடவில்லை. சொந்த மருமகனைக் காட்டிக்கொடுத்தவர் என்று எங்கள் ஊர் சொன்னது. எல்லாம் அவர்களுடைய குடும்ப நாடகம் என்று அந்த ஊர் சொன்னது. மருமகன்மேல் வழக்கு வரவில்லை. ஒரு முற்பணத்தையும் ஒரு வதந்தியையும் எந்தப் பொலிஸ் எழுதிக்கொள்ளும்? என் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, இப்ப எனக்குத் தெரியும். ஆனா கல்லெறிஞ்சவனும் ஒருத்தன் இரிக்கான்தானே ராத்தா. அவனுக்கு ஆரும் காசு குடுக்கல்லயே" என்றான். இதை மாமியிடமும் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

கூட்டம் முடிந்த அன்றே அவர் வீட்டிலிருந்து ஒரு சூட்கேஸோடு கொம்பனிக்கு வந்துவிட்டார். அலுவலகத்துக்குப் பின்னால் ஐஸை மூடுகிற உமி மூடைகள் வைத்திருந்த அறையைத் துப்புரவாக்கி, ஒரு கட்டில் போட்டோம். நானும் திரும்ப வேலைக்கு வந்தேன். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து கொண்டு போவேன். சில நாள் சிவபாக்கியம் நெத்தலி பொரித்துக் கொண்டு வருவாள். மாமி உப்புக் கூட என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். மகளைப் பற்றி அவர் கதைப்பதில்லை. அவளுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்த செய்தியை லொறிக்காரன் ஒருவன்தான் கொண்டு வந்தான். அன்றைக்குக் கொம்பனியில் எல்லோருக்கும் இனிப்பாகத் தொதல் வாங்கிக் கொடுத்தார். என்னத்துக்கு என்று சொல்லவில்லை.

கடற்கரை வீதியை உண்மையிலேயே அகலப்படுத்தினார்கள். காணி விலை ஏறியது. சிவபாக்கியத்தின் பிள்ளைகள் மட்டக்களப்பில் வேலையாகி, அங்கே வீடு பார்த்தார்கள். அவள் காணியை விற்கிறாள் என்று கேள்விப்பட்டேன். வாங்குகிறவர் யார் என்றும் கேள்விப்பட்டேன். மாமியின் மருமகன். கல்யாண மண்டபம் கட்டப் போகிறாராம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நேரே மாமியிடம் போனேன்.

"இதுக்கா மாமி நீங்க வூட்ட விட்டு வந்து உமியறைக்குள்ள கிடக்கிற? கடைசியில அவர்தானே எடுத்திட்டார்!"

"எவ்வளவுக்கு வித்தாளாம்?"

சொன்னேன். மாமியின் புருவம் உயர்ந்தது. "நல்லாக் கேட்டிரிக்காள்."

"மாமி!"

"என்ன மாமி மாமி எண்டுற? அவள் பயந்து வித்தாளா, யோசிச்சு வித்தாளா?"

"யோசிச்சுத்தான். ஒரு வருசமா விலை பேசினவளாம்."

"அப்ப அவன் மத்த ஆக்களப் போல ஒரு ஆள். வாங்கட்டும்."

மண்டபம் எழும்பியது. திறப்பு விழாவுக்கு முந்திய நாள் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். மறுபக்கம் ஒரு பெண் குரல், "ராத்தா, நான் றிஸ்வானா" என்றது. "நாளைக்குச் சோடாப் போத்தல் குளிர வைக்க ஐஸ் வேணும். நிறைய வேணும். கல்முனையில கேட்டோம், இல்லையாம்."

கல்முனையில் ஐஸ் இருந்தது எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு மாமியிடம் கேட்டேன். அவர் பிளேன்டீக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"குடுப்போம் எண்டு சொல்லு."

"என்ன விலைக்கு?"

"எல்லாருக்கும் குடுக்கிற விலைக்கு. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

அடுத்த நாள் காலை லொறியில் ஐஸ் ஏற்றி, உமி போட்டு மூடினார்கள். சாரதி ஏறினான். மாமி உள்ளே போய் வேறு சேலை மாற்றி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து, முன்னிருக்கையில் ஏறினார். என்னையும் ஏறச் சொன்னார்.

மண்டபத்து வாசலில் மருமகன் நின்றார். லொறியைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார். றிஸ்வானா உள்ளேயிருந்து வந்தாள். கடைசிப் பிள்ளை இடுப்பில். அவள் தாயைக் கண்டு எத்தனையோ காலம். நடந்து வந்து, லொறிக் கதவை அவளே திறந்தாள்.

"இறங்குங்க உம்மா."

மாமி அசையாமல் இருந்தார். பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை அவரை அந்நியரைப் பார்ப்பதுபோல் பார்த்தது. மகள் கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"முதல்ல ஐஸ இறக்கச் சொல்லு மகள்" என்றார் மாமி. "வெயில் ஏறுது."

ஐஸ் இறக்கி முடியும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள், ஒருவர் லொறிக்குள், ஒருவர் வெளியே. கடைசிக் கட்டி உள்ளே போனதும் மாமி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, மகளுடைய தோளைப் பிடித்து இறங்கினார்.